முகமூடிக்குப் பதிவேடு வைத்த வாத்தியார்: அருட்சகோதரர் ஜோசப் கோர்னே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நான் இவர் பெயரை இழுத்துவிடுவது வழக்கம். உடனே கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தாம். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் எனக்கும் வாய் வலிக்காது.

யார் இந்தக் கோர்னே?

பெல்ஜியக்காரர். 1919இல் பிறந்து 2004இல் இறந்தவர். துறவற சபை ஒன்றைச் சேர்ந்த ஆசிரியர். மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில், அது ஜைர் என்று பெயர் மாறியிருந்த காலத்தில், கின்ஷாசாவிலிருந்த தேசிய அருங்காட்சியகங்கள் நிறுவனத்தில் பணியாற்றி அதன் தலைமைப் பொறுப்புக்கும் வந்தவர். கூபா அரசவைக் கலை, வோயோ மக்களின் சித்திர மொழி, அந்தப் பகுதியின் ஓர் இனமான கொங்கோ மக்களின் கல்லறைச் சிற்பங்கள் ஆகியவற்றைப் பற்றி எழுதியவர். துறவறப் பெயரையும் சேர்த்து ஜோசப் ஒரேலியன் கோர்னே என்று எழுதுவார்கள். எழுத்தில் பெயரின் கடைசியில் ஒரு 'ட்' உண்டு. பிரெஞ்சில் அதற்கு ஒலி கிடையாது என்பதால் 'கோர்னெட்' என்று சொல்ல வேண்டியதில்லை.

'சகோதரர்' என்றால் பாதிரியார்தானே?

இல்லை. இந்தக் குழப்பம் நம் ஊரிலும் உண்டு. அருட்தந்தை குருப்பட்டம் பெற்றவர். திருப்பலி நிறைவேற்றுவார், பாவசங்கீர்த்தனம் கேட்பார். அருட்சகோதரர் இவை எதையும் செய்வதில்லை. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டுக் குழுவாக வாழ்வார். கோர்னேயின் சபையில் அந்த வாழ்க்கையின் மையம் வகுப்பறை.

அது தெ லா சால் சகோதரர்களின் சபை. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸின் ரான்ஸ் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவதற்காக ஜான் பாப்திஸ்த் தெ லா சால் தொடங்கியது. ஆசிரியர்களின் பாதுகாவலராகத் திருச்சபை அவரை 1950இல் அறிவித்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் புனித பெனடிக்ட் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தச் சபையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கோர்னே வாத்தியார் என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வகுப்பில் வருகைப் பதிவேடு எடுக்கும் பழக்கம் கையில் ஊறிய மனிதர், ஒரு முகமூடியின் எதிரில் உட்கார்ந்தாலும் முதலில் கேட்பது அதன் பெயர், ஊர், யாருடையது என்பதைத்தான். அவர் எழுத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த வருகைப் பதிவேடுதான் கண்முன் வருகிறது.

மிஷனரிகள் சிலைகளை எரித்தவர்கள் ஆயிற்றே? அவர்களில் ஒருவர் எப்படிச் சேகரிப்பாளர் ஆனார்?

எரித்தது உண்மை. கொங்கோ அரசில் பதினேழாம் நூற்றாண்டிலேயே கப்புச்சின் துறவிகள் 'பிசாசுப் பொருள்' என்று குவித்துத் தீ வைத்தார்கள். பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளிலும் அது நடந்தது. எரியாமல் தப்பியவற்றில் கணிசமான பகுதி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது.

ஆனால் மிஷனரிகள் எல்லாரையும் ஒரே தட்டில் நிறுத்த முடியாது. வில்லியம் ஷெப்பர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த கறுப்பினப் பிரெஸ்பிடேரியன் மிஷனரி. வெளியாருக்கு வழி காட்டினால் தலை போகும் என்று அரசாணை இருந்த கூபா தலைநகருக்குள் 1892இல் நுழைந்தவர். அங்கே கிடைத்த துணிகளையும் கிண்ணங்களையும் கத்திகளையும் பத்திரப்படுத்தி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்று அவை ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் ரப்பர் கொடுமையில் வெட்டப்பட்ட கைகளை எண்ணி உலகுக்குச் சொன்னதும் இதே ஷெப்பர்டுதான். அதற்காக ரப்பர் கம்பெனி அவர்மீது அவதூறு வழக்குப் போட்டு, 1909இல் தோற்றது.

கோர்னேயின் சபைக்குள்ளேயே முன்னோடி ஒருவர் இருந்தார். மார்க் ஸ்தனிஸ்லாஸ் என்ற அருட்சகோதரர் 1943இல் கொம்பே மத்தாடி என்ற ஊரில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். 1949இல் தலைநகருக்கு இடம் மாறிய அந்தப் பள்ளிதான் பிற்பாடு கின்ஷாசாவின் நுண்கலை அகாதமியாக வளர்ந்தது. ஆகவே, ஆப்பிரிக்கச் செதுக்கு வேலையைக் 'கலை' என்று சொல்லக் கூசாத ஒரு மூலை அந்தச் சபையில் ஏற்கெனவே இருந்தது.

கின்ஷாசா நிறுவனத்தின் வேலை என்ன?

1970இல் அதிபர் மொபூட்டு அதை நிறுவினார். முதல் இயக்குநர் லூசியன் காயென். அவர் அதே நேரத்தில் பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்துக்கும் தலைவர். அதாவது, பொருளை எடுத்துப் போனவர்களின் வீட்டுக் காவலரும் பறிகொடுத்தவர்களின் வீட்டுக் காவலரும் ஒரே ஆள். காயெனுக்குப் பிறகு கோர்னே வந்தார்.

விடுதலை பெற்ற நாட்டிடம் சொல்லிக்கொள்ளும்படியான சேகரிப்பு இல்லை. நல்லவை டெர்வூரனிலும் லண்டனிலும் பெர்லினிலும் இருந்தன. மிச்சத்தை வியாபாரிகள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எனவே எழுபதுகளில் நிறுவனத்திலிருந்து குழுக்கள் லாரியிலும் ஜீப்பிலும் கிராமங்களுக்குப் போயின; பொருள் வாங்கின, படம் எடுத்தன, பாட்டு ஒலிப்பதிவு செய்தன. பல்லாயிரக்கணக்கான பொருட்கள் அப்படிச் சேர்ந்தன.

இசைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் பெனுவா கெர்சான். முன்பு பாரிஸில் செட் பேக்கரோடு பாஸ் வாசித்த ஜாஸ் கலைஞர்! ஒரு துறவியும் ஒரு ஜாஸ்காரரும் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து காங்கோவின் பாட்டுக்கும் முகமூடிக்கும் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

'கூபா' என்பது கியூபாவா?

இல்லை, இல்லை. சுருட்டுக்கும் காஸ்ட்ரோவுக்கும் இதில் வேலையில்லை. கூபா என்பது காங்கோவின் கசாய் பகுதியில் இருக்கும் பழைய அரசு. தலைநகர் முஷெங்கே. அரசருக்கு 'நிம்' என்று பெயர். ஏறத்தாழ 1625இல் அரியணை ஏறியதாகக் கருதப்படும் ஷியாம் என்ற அரசரைத்தான் எல்லா நல்லதற்கும் மூலவராகச் சொல்வார்கள்: நெசவு, பயிர், ஆட்டம் எல்லாம் அவர் கொண்டுவந்தவை.

கோர்னே தம் வாழ்நாளில் அதிகம் உழைத்தது இங்கேதான். எழுபதுகளில் கூபா நாட்டுக்குப் போய் அரசவைச் சடங்குகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அப்போது ஆட்சியிலிருந்தவர் 1969இல் பட்டமேற்ற மூன்றாம் கொத் அம்ப்வீகி. அரச கலையைப் பற்றிய கோர்னேயின் பிரெஞ்சுப் புத்தகம் 1982இல் மிலானில் அச்சானது. அரண்மனை வேலிகளின் பின்னல், முரசுகள், பதவிக்குப் பதவி மாறும் தொப்பி, தொப்பியில் செருகும் இறகு என்று ஒவ்வொன்றும் அதில் பெயரோடு வரும். அரசரின் முழு அலங்கார உடை ஒன்றே எண்பது கிலோவை ஒட்டிய எடை: சோழியும் மணியும் தோலும் சேர்ந்து. அதை அணிந்த அரசர் நடப்பதற்கில்லை. உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். அசையாமல் வீற்றிருப்பதே அரசத்தன்மை என்பதை அந்த உடை கட்டாயப்படுத்திவிடுகிறது. உற்சவ மூர்த்திக்குச் சாற்றும் நகைகளைக் கணக்கெடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கூபாவைக் கடக்கக் கூடாது. பனை இனத்தைச் சேர்ந்த ராஃபியா மரத்தின் இளம் ஓலையிலிருந்து நார் உரித்து ஆண்கள் நெய்வார்கள். அதன்மேல் பெண்கள் ஊசியால் நாரைக் கோத்து, நுனியைச் சிறு கத்தியால் கத்தரித்து, வெல்வெட்போல நிமிர்த்துவார்கள். ஒரு சதுரத் துண்டுக்கே மாதக் கணக்கில் ஆகும். கோலம் போடுபவர்கள் அந்தத் துணியைப் பார்த்தால் விரலால் வரியைத் தொடர்வார்கள். நடுவில் வடிவம் வேண்டுமென்றே தடம் மாறும், திரும்ப வந்து சேராது. ஓவியர் மத்தீஸ் இந்தத் துணிகளைத் தம் சுவரில் தொங்கவிட்டிருந்தார். இருபதுகளில் மிஷனரிகள் ஒரு மோட்டார் சைக்கிளை அரசருக்குக் காட்டியபோது, அவர் வண்டியை விட்டுவிட்டு மண்ணில் பதிந்த டயர்த் தடத்தைப் பார்த்து மயங்கி, அதையே ஒரு கோல வடிவமாக எடுத்துக்கொண்டார் என்றொரு கதையும் வழங்குகிறது.

கூபா அரசர்களின் மரச் சிலைகள் உருவச் சிலைகளா?

நீங்கள் நினைக்கும் பொருளில் இல்லை. 'ந்தோப்' என்று அவற்றுக்குப் பெயர். அரை மீட்டர் உயரம் வரும். சதுரப் பீடத்தின்மேல் சம்மணமிட்ட அரசர். நெற்றிக்கு மேல் தட்டையாக நீண்ட தொப்பி, இடக்கையில் சடங்குக் கத்தி, வலக்கை முழங்காலில். முகம் எல்லாச் சிலையிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: பாதி மூடிய கண், சலனமில்லாத வாய். அப்படியானால் யார் எந்த அரசர்? பீடத்தின் முன்பக்கம் பார்க்க வேண்டும். அங்கே அரசருக்கு அரசர் வேறுபடும் சின்னம் ஒன்று இருக்கும். அதை 'இபோல்' என்பார்கள்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஷியாம் சிலையில் அந்தச் சின்னம் என்ன தெரியுமா? பல்லாங்குழிப் பலகை. வரிசையாகக் குழிகள், அப்படியே நம் பாட்டி வீட்டுப் பலகை. சூதாட்டத்திலிருந்து மக்களை மீட்க அவர்தாம் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார் என்பது கூபா மரபு. எமில் டோர்டே என்ற ஹங்கேரியர் 1908இல் முஷெங்கே போய் இந்தச் சிலையை வாங்கிவந்தார். உருவ ஒற்றுமை தேடி முகத்தை உற்றுப் பார்க்கும் பார்வையாளர்கள் பலகையைக் கவனிக்காமலேயே நகர்ந்துவிடுவார்கள்.

இதனால்தான் பதிவேடு முக்கியம். சின்னத்தின் பெயரும் அதன் பின்னாலுள்ள அரசரின் பெயரும் உள்ளூர்க்காரர் வாயிலிருந்து எழுதப்படாவிட்டால், அது ஏலக்கூடத்தில் 'ஆப்பிரிக்க மரச்சிலை, காங்கோ' என்ற மூன்று சொல்லோடு நின்றுவிடும். கோர்னேக்கு முன்னால் டோர்டே இதைச் செய்தார். ஐம்பதுகளில் வரலாற்றாசிரியர் யான் வான்சீனா வாய்மொழி வரலாறாகத் தொகுத்தார். கோர்னே பொருளின் பக்கத்திலிருந்து அதை நிரப்பினார்.

பானை மூடி பற்றி எழுதினாராமே, உண்மையா?

உண்மை. எனக்கு அவர் எழுதியவற்றில் மிகப் பிடித்ததும் அதுதான். காங்கோ ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி வோயோ மக்கள் வாழ்கிறார்கள். மணப்பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது தாய் வீட்டிலிருந்து மர மூடிகள் கூடவே போகும். பானையை மூடும் வட்ட மூடிதான். ஆனால் மேற்பரப்பு முழுக்கப் பறவை, சிப்பி, மனிதன் என்று புடைப்பாகச் செதுக்கியிருக்கும். ஒவ்வொரு உருவும் ஒரு பழமொழியை நினைவூட்டும்.

கணவன்மேல் மனைவிக்குக் கோபம் என்று வைத்துக்கொள்வோம். அவன் தன் நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். பெண்கள் அங்கே உட்கார்ந்து வாதாட முடியாது. அவள் ஒன்றும் பேச மாட்டாள். பொருத்தமான மூடியை எடுத்துக் குழம்புப் பானைமேல் கவிழ்த்து அனுப்பிவிடுவாள். பானை பந்தியில் வந்து இறங்கியதும் நண்பர்கள் மூடியைப் பார்ப்பார்கள், அவனைப் பார்ப்பார்கள். "என்னப்பா நடந்தது?" என்று விசாரணை தொடங்கிவிடும். சோறு ஆறும். அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

பாத்திரத்தை 'ணங்' என்று வைத்துக் கோபத்தைத் தெரிவிக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். ஆனால் வோயோப் பெண்களின் முறையில் ஓசையில்லை, சாட்சிகள் உண்டு. கோர்னே 1980இல் இந்த மூடிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். உரு எது, அது சுட்டும் பழமொழி எது என்று இணைத்துச் சொல்லாவிட்டால் மூடி வெறும் அலங்காரப் பலகை. சொல்லிவிட்டால் அது ஒரு வாக்கியம்.

ஒரு சர்வாதிகாரிக்கு ஊழியம் செய்தவர்தானே?

நேரான கேள்வி, நேராகவே சொல்கிறேன். ஆம், அந்த நிறுவனம் மொபூட்டுவின் நிழலில் வளர்ந்தது. அதன் வளாகமே கின்ஷாசாவின் நகலியேமா குன்றில், அதிபரின் பூங்காவுக்குள் இருந்தது. 1971இல் நாட்டுக்கு ஜைர் என்று பெயர் மாற்றி, மறு ஆண்டு கிறிஸ்தவப் பெயர்களை விலக்கச் சொல்லி, 'அசல் ஆப்பிரிக்கத்தன்மை' என்ற கொள்கையை முழக்கியவர் மொபூட்டு. ஞானஸ்நானப் பெயர் விவகாரத்தில் கின்ஷாசாவின் பேராயர் கர்தினால் மலூலாவோடு அவர் மோதியது ஊரறிந்த செய்தி. அதே அரசின் சேகரிப்புக்கு ஜோசப் என்ற பெயருள்ள வெள்ளைக்காரத் துறவி பொறுப்பாளர்! வரலாறு இப்படித்தான் சில சமயம் கண்ணடிக்கும்.

சேகரிப்பு மொபூட்டுவின் ஆட்சிக்கு வெளிநாட்டில் மெருகு சேர்த்தது. 1975இல் நூறு தலைசிறந்த பொருட்கள் அமெரிக்காவுக்குக் கண்காட்சிக்குப் போயின. அதற்கான அறிமுகத்தை எழுதியவர் கோர்னே. ஆனால் கின்ஷாசாவின் சாதாரணக் குடிமகனுக்கு அந்தக் குன்றில் முறையான அருங்காட்சியகக் கட்டடம் எழும்பவே இல்லை. நியூயார்க்காரர் பார்த்ததை உள்ளூர்க்காரர் பார்க்கவில்லை. கோர்னேயை எவ்வளவு மதித்தாலும் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. 'இந்த இனம், இந்தப் பாணி' என்று கட்டம் கட்டிப் பிரிக்கும் பழைய பழக்கம் அவர் தலைமுறை முழுவதற்கும் இருந்தது. எல்லை தாண்டி வேலை செய்த சிற்பி அந்தக் கட்டத்தில் அடங்க மாட்டான். பழையதே உயர்ந்தது என்ற சாய்வும் தெரியும். ஆனாலும், 1989இல் ஜைரின் அறுபதாண்டு ஓவிய வரலாற்றைப் பற்றிய நூலில் பங்கெடுத்ததால், நவீனக் கலையை அவர் அடியோடு ஒதுக்கினார் என்று சொல்ல முடியாது.

பெல்ஜியம் பொருட்களைத் திருப்பிக் கொடுத்ததா?

கொஞ்சம். 1973 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் மொபூட்டு பேசும்போது, களவுபோன கலைச் செல்வங்களைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜைர் முன்வைத்த தீர்மானமும் அங்கே நிறைவேறியது. 1976இலிருந்து 1982 வரை டெர்வூரனிலிருந்து 114 பொருட்கள் கின்ஷாசா வந்தன. முதலில் வந்தது கூபா அரசர் சிலை ஒன்று. பெல்ஜியம் இதை 'அன்பளிப்பு' என்றது. ஜைர் 'மீட்பு' என்றது. டெர்வூரன் வைத்திருக்கும் லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்கு முன் 114 என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவர் சேர்த்தவை இப்போது பத்திரமாக இருக்கின்றனவா?

பாதி மகிழ்ச்சி, பாதி வயிற்றெரிச்சல். தொண்ணூறுகளில் ஆட்சி ஆடத் தொடங்கியதும் பொருட்கள் காணாமல் போயின. 1997இல் மொபூட்டு வீழ்ந்த சமயத்தில் கொள்ளையும் நடந்தது. பெல்ஜியம் திருப்பித் தந்த 114இல் பலவும் அதில் போய்விட்டன. சில ஐரோப்பியச் சந்தையிலேயே தலைகாட்டின.

தென்கொரியாவின் உதவியில் கட்டிய புதிய தேசிய அருங்காட்சியகம் கின்ஷாசாவில் 2019இல் திறக்கப்பட்டது. 2022 ஜூனில் பெல்ஜிய அரசர் பிலிப் அங்கே வந்து, சூக்கு மக்களின் பெரிய காக்கூங்கு முகமூடியைக் 'காலவரையற்ற இரவல்' என்று ஒப்படைத்தார். சொந்தக்காரனுக்கே இரவல்!

பழைய நகலியேமா குன்றில் இன்னொரு சேகரிப்பும் உண்டு: நகரத்திலிருந்து பெயர்த்தெடுத்த காலனியச் சிலைகள். குதிரைமேல் லியோபோல்டு, காலொடிந்த நிலையில் ஆய்வுப் பயணி ஸ்டான்லி. இவற்றை யாரும் திருடவில்லை.

பிரெஞ்சு தெரியாது. எங்கிருந்து தொடங்கலாம்?

1981இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் கொங்கோ கலை பற்றி நடந்த கண்காட்சிக்காக கலை வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்சனோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. விடியல், உச்சி, அந்தி, நள்ளிரவு என்ற சூரியனின் நான்கு நிலைகளை மனித வாழ்வின் சுற்றாகப் பார்க்கும் கொங்கோ மரபு அதன் அடிப்படை. கல்லறைக்குமேல் தாடையில் கைவைத்து யோசனையில் அமர்ந்திருக்கும் கல் உருவங்களின் படங்களை முதலில் பாருங்கள்; எழுத்தைப் பிறகு படிக்கலாம்.

அவருடைய கூபா களக்குறிப்புகளும் படங்களும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் லயோலா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கையெழுத்து பிரெஞ்சில்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கூபாச் சொற்களை அகராதியில் தேடாதீர்கள்.